‘அவங்க’ என்று மட்டும் சொன்னவள்

பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, முன்பின் தெரியாத ஒருத்தியின் கைபேசியில்தான் பூச்சி அந்தச் செய்தியை முதலில் பார்த்தாள். இருக்கையில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் திரையைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தலைப்பில் ஸ்டூடியோவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டாவது பத்தியில், பூச்சி தன் வாயால் சொன்ன ஒரு வரி மேற்கோள் குறிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தது.

"பாத்தியாடி? நம்ம விளையாடுற கேமைச் செய்யற கம்பெனி. ஆளுங்களை அழவச்சு வேடிக்கை பாத்திருக்காங்க."

"யாருடி?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"பேரு போடலை. தலைமைப் பொறுப்பில் உள்ள ஒருவர்னு போட்டிருக்கு. யாருன்னு தெரியாதாக்கும்! வீடியோல வந்து பல்லைக் காட்டுவானே, அந்தத் தாடி."

இல்லை, அந்தத் தாடிக்காரர் இல்லை என்று சொல்லப் பூச்சி வாயெடுத்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி, ஒரு மூடிய கடையின் நிழலில் நின்று, கைபேசியில் அந்தச் செய்தியை எழுதிய நிருபரின் எண்ணைத் தேடி அழித்தாள். அழித்த பிறகுதான் அந்த எண் தனக்கு மனப்பாடம் என்பது நினைவுக்கு வந்தது.

பூச்சி என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. கணினி விளையாட்டு செய்கிறவர்கள் பிழையை ‘பக்’ என்பார்கள். பக் என்றால் பூச்சி. நாள் முழுக்கப் பிழை பிடிக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கரப்பான் என்று வைக்காமல் விட்டார்களே என்பாள்.

அதற்கு முன்னால் அவள் சலவை இயந்திரக் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். அழைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கம்பெனியின் பரம்பரையையே திட்டுவார்கள். அவள் பொறுமையாகக் கேட்பாள்: நீங்க என்ன செஞ்சீங்க? என்ன ஆச்சு? என்ன ஆகியிருக்கணும்? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் புகார் முடிந்தது. ஒருநாள் தம்பியின் கணினியில் ஒரு விளையாட்டை ஆடிப் பார்த்தபோது, படகில் நின்ற ஆள் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டான். தம்பி சிரித்தான். அவள் அந்த ஸ்டூடியோவுக்கு நாலு வரி எழுதிப் போட்டாள்: என்ன செய்தேன், என்ன ஆனது, என்ன ஆகியிருக்க வேண்டும். வேலைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது.

அழைத்தது ஒரு பெண்மணி. ஸ்டூடியோவின் வேலை முழுவதையும் அவர்தான் ஓட்டினார். எதிரில் ‘மேடம்’; முதுகுக்குப் பின்னால் ‘டீச்சர்’. பட்டம் இல்லாத பூச்சியை மற்றவர்கள் வேண்டாம் என்றபோது, "பட்டத்தை வச்சு என்ன, காத்தாடியா விடப்போறோம்?" என்று கேட்டு உள்ளே இழுத்தவர் டீச்சர்தான். பூச்சியின் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "வேலை எங்கயும் ஓடிப்போகாது, நீ பிள்ளையைப் பாரு" என்று அனுப்பிவிட்டுத் தினமும் கூப்பிட்டு விசாரித்தவரும் அவர்தான்.

அதே டீச்சர்தான் ‘அரங்கேற்றம்’ என்ற தண்டனையையும் கண்டுபிடித்தார். யாருடைய வேலையில் பெரிய பிழை வந்ததோ, அவர் கூட்ட அறையின் பெரிய திரைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். உடைந்த இடத்தைத் தானே ஆடிக்காட்ட வேண்டும், மறுபடி, மறுபடி. மற்றவர்கள் பார்க்க வேண்டும். எழுந்து போகக் கூடாது. பிழையைப் பிடித்தவள் என்ற முறையில், ஆடுகிறவரின் கையில் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பது பூச்சியின் வேலை. விளையாட்டின் படைப்புத் தலைவரான தாடிக்காரர், ஓரத்து நாற்காலியில் தன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர்போல் குனிந்திருப்பார். அவர் யாரையும் எதுவும் சொன்னதில்லை. டீச்சரையும்தான்.

அப்படி நின்றவர்களில் ஒருவரான, கை நடுக்கம் உள்ள ஒரு வடிவமைப்பாளர் வேலையை விட்டுப் போனதற்கு அப்புறம்தான், பூச்சி ஒரு கண்ணாடிக் கடையின் காத்திருப்பு பெஞ்சில் அந்த நிருபரைச் சந்தித்தாள். நிருபர் ஒரு பெண். மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்போலச் சட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். யார் பேரையும் சொல்லமாட்டேன் என்றாள் பூச்சி. ‘டீச்சர்’ என்று வந்துவிட்டால் அடுத்த நிமிஷம் யார் என்று தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் வைத்துப் பார்த்துத்தான் வெளியே விட்டாள். "அவங்க நிக்கவைப்பாங்க. அவங்க சிரிப்பாங்க. உடைஞ்சதை, உடைச்சவங்க கையாலேயே மறுபடி மறுபடி உடைக்கவைப்பாங்க."

அவங்க, அவங்க, அவங்க. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, எதையும் காட்டிக்கொடுக்காத சொல். அதற்குள் பூச்சி போர்வைக்குள் ஒளிவதுபோல் ஒளிந்துகொண்டாள். நிருபர் அதை எழுத்துக்குக் கொண்டுபோனபோது ‘அவர்’ ஆக்கினார். படித்தவர்கள் அந்த ‘அவர்’க்குத் தாடி வைத்தார்கள். மதியத்துக்குள் அவர் ‘அவன்’ ஆகிவிட்டார்.

அன்று ஸ்டூடியோவில் விசைப்பலகைச் சத்தம்கூடக் குறைவாக இருந்தது. தாடிக்காரரின் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு இணையம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் யாரோ அவர் வீட்டு வெளிக்கதவில் கறுப்புச் சாயம் ஊற்றிவிட்டார்கள். வீட்டில் இருக்கப் பயந்து அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்து, வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுபோன பூச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எத்தனை வருஷமா பாக்கறீங்க, இவர் அப்படிப்பட்டவரா?"

"இல்லக்கா."

"அப்ப அதை ஒருத்தராவது வெளிய சொல்லலாமே."

பூச்சி கையை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

டீச்சர் எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். குரல் வழக்கத்தைவிட இதமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "பேர் போடத் தைரியம் இல்லாத செய்திக்கு நாம பதில் சொல்ல வேண்டியதில்லை. இதுல என் பேரும் இல்லை, உங்க பேரும் இல்லை. சாரைத்தான் சொல்றாங்கபோல. சார் பாத்துப்பார்." தாடிக்காரர் நிமிர்ந்து ஒருமுறை டீச்சரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

பூச்சி தன் இடத்துக்கு வந்து விளையாட்டை ஓடவிட்டாள். அடுத்த கட்டம் ஏறும்போது திரை ஒரு கணம் கறுப்பாகும். அந்தக் கறுப்பில், தன் தலைக்குப் பின்னால் டீச்சரின் முகம் தெரிந்தது.

"‘மறுபடி மறுபடி உடைக்கவைப்பாங்க.’ நல்ல வரி," என்றார் டீச்சர். "எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு. உனக்கு?"

"தெரியலை மேடம்."

"யோசிச்சுப் பாரு."

திரையில் வெளிச்சம் வந்தது. முகம் போய்விட்டது. செருப்புச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று பூச்சி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று இரவு விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, கையில் இருந்த எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா மேல போறவனும் கத்துவான், கீழ போறவனும் கத்துவான். யார் நிறுத்துனதுன்னு எவனும் பாக்கமாட்டான். திட்டு வாங்கறது கதவைத் திறக்கப் போற நான்தான். நீ வாயைத் திறக்காதே."

"அந்த மனுஷன் வீட்டுக் கதவுல சாயம் ஊத்தியிருக்காங்க."

"அவர் என்ன பச்சைக் குழந்தையா? நான் இல்லைன்னு அவரே சொல்லட்டுமே."

"நான் இல்லைன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க. அவருக்கும் பயம்தானே!"

"ஊரே பயந்துட்டு இருக்கு, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"எனக்குத்தாங்க ரொம்பப் பயமா இருக்கு," என்றாள் பூச்சி. சொன்னபடியே, அழித்த எண்ணை விரல்கள் தாமாகவே அழுத்தின.

"அக்கா, அந்த ‘அவர்’ தாடி சார் இல்லை."

"அப்ப யாரு?" என்றார் மறுமுனையில் நிருபர்.

"அவங்க."

"அவங்கன்னா…" நிருபர் மூச்சை இழுப்பது கேட்டது. "இருங்க. லேடியா?"

பூச்சி தலையை ஆட்டினாள். போனில் தலை ஆட்டினால் தெரியாது என்று கணவர் முழங்கையால் இடித்தார். "ஆமாக்கா."

"ஐயையோ. நீங்க மூணு பேர் பேசினீங்க, மூணு பேரும் அவங்க அவங்கன்னே சொன்னீங்க. பெரிய பொறுப்புன்னா ஆம்பளைன்னு நானே முடிவு பண்ணி, அவர்கிட்டப் போய்க் கேட்டேன். ‘அதைப் பத்தி நான் பேச முடியாது’ன்னார். ‘சம்பந்தப்பட்டவர் பேச மறுத்துவிட்டார்’னு போட்டுட்டேன். அந்த வரியைப் பிடிச்சுத்தான் எல்லாரும் அவர் வீட்டுக்குப் போயிருக்காங்க. நானும் ஒரு பொம்பளைதான், எனக்கே தோணலை பாருங்க."

"இப்ப திருத்திடுங்கக்கா. என்னைச் சொல்லாம."

"அந்த வரியை இந்த நிமிஷமே எடுத்துடறேன். ஆனா அவர் இல்லைன்னு போட்டா, தலைமையில மிச்சம் இருக்கறது ஒரே ஒருத்தங்க. பேர் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான். அதனால முதல்ல அவங்ககிட்டக் கேக்கணும்."

"டீச்சர்கிட்டயா?" வாய் தவறி வந்துவிட்டது.

"கேக்காமப் போட்டா நேத்துப் பண்ண அதே தப்பை இன்னைக்கும் பண்றேன். அதுவும் பொத்தாம்பொதுவா, ‘நீங்க கொடுமை பண்றீங்களாமே’ன்னு கேட்டா அவங்க என்னன்னு பதில் சொல்லுவாங்க? எந்தச் சம்பவம், என்ன பேச்சுன்னு சொன்னாத்தானே இல்லைன்னோ ஆமான்னோ சொல்ல முடியும்? நீங்க சொன்னதுல ஒண்ணை அப்படியே எழுதி அனுப்ப விடுவீங்களா?"

எந்தச் சம்பவம் என்று பூச்சிக்குக் கேட்காமலே புரிந்தது. கை நடுக்கம் உள்ளவர் திரைக்கு முன்னால் நின்றபோது, டீச்சர் அவர் காதருகே குனிந்து, "அழு. அழுதுகிட்டே ஆடு" என்றார். அது அந்த மனிதருக்கும், கருவியை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற பூச்சிக்கும் மட்டுமே கேட்டது. அந்த மனிதர் வேலையை விட்டுப் போயாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு காது.

கணவர் வேண்டாம் என்று தலையைப் பலமாக ஆட்டினார். "அந்தம்மாவுக்கு எதுக்கு அவகாசம்? அவங்க யாருக்காவது குடுத்தாங்களா?"

பூச்சிக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்தது. புகார்ப் பிரிவில் இருந்தபோது, மூன்று கேள்விக்கும் பதில் தராமல் வெறுமனே திட்டிவிட்டு வைத்துவிடுகிறவர்களின் இயந்திரத்தை யாராலும் சரிசெய்ய முடிந்ததில்லை. "அனுப்புங்கக்கா," என்றாள்.

மறுநாள் டீச்சர், நிருபர் அனுப்பிய மின்னஞ்சலைக் கூட்ட அறையின் பெரிய திரையில் போட்டார். எழுத்துகள் ஆள் உயரத்துக்கு நின்றன. நாளை மாலைக்குள் தங்கள் பதில் தேவை, முழுமையாக வெளியிடுவோம் என்று முடிந்திருந்தது.

"அழு, அழுதுகிட்டே ஆடு," என்று டீச்சர் வாசித்தார். "இதை நான் சொன்னதாச் சொல்றாங்க. அப்ப பக்கத்துல நின்னது யாரு?"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இருப்பதிலேயே அத்தனை பேரும் அவளைக் காட்டிக்கொடுத்தார்கள். உட்கார்ந்திருந்தால் தன் உதறல் நாற்காலிக்கும் பரவி எல்லோருக்கும் கேட்கும்போல் இருந்தது, அதற்காகவே பூச்சி எழுந்தாள்.

"நான்தான் மேடம்."

"உனக்கு வேலை போட்டுக் குடுத்தது யாரு?"

"நீங்கதான் மேடம்."

"பிள்ளைக்கு முடியாதப்ப பாத்துக்கிட்டது?"

"நீங்கதான்."

"அதுக்கப்புறமும் இப்படிப் போய்ச் சொல்லியிருக்கே."

"ரெண்டும் நடந்துச்சு மேடம்." குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் கேட்டதைச் சொன்னேன். நீங்க அதுக்குப் பதில் சொல்லணும்னுதான் இதை அனுப்பச் சொன்னேன்."

தாடிக்காரர் எழுந்திருப்பார் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். எழவில்லை. கோப்பையை மேசையில் வைத்தார், அவ்வளவுதான். டீச்சர் திரையை அணைத்துவிட்டு வெளியே போனார். கூட்டம் கலைந்த பிறகும் பூச்சி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரலாம் என்று யாராவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

திருத்திய செய்தி வந்தது. தவறு எங்கள்மேல் என்று நிருபர் முதல் பத்தியிலேயே எழுதி, தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். டீச்சரின் பதில் ஒரு சொல்கூடக் குறையாமல் இருந்தது: கடுமையாக நடந்திருக்கலாம், கெடு நெருங்கும் காலத்தில் எல்லோரும் அப்படித்தான், யாரையும் நோகடிக்கும் எண்ணம் இல்லை, அந்த வார்த்தை தனக்கு நினைவில்லை. அதை நின்று படித்தவர்கள் குறைவு. தாடிக்காரரை அவன் இவன் என்று எழுதிய அதே கைகள், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், ‘அவர்’ஐ ‘அவள்’ ஆக்கிக்கொண்டு மேலே நடந்தன. பெண் என்றதும் பேச்சு வேறு இடத்துக்கு இறங்கியது. அவர் புடவையைச் சொன்னார்கள், உடம்பைச் சொன்னார்கள், யாரைப் பிடித்து மேலே வந்தார் என்று கதை கட்டினார்கள். கன்னத்தில் அறைந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று, ஸ்டூடியோ எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாத ஒருவர் எழுதினார். அதை ஆயிரம் பேர் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு யாரோ டீச்சர் வீட்டு முகவரியைப் போட்டார்கள். பூச்சி அந்தப் பதிவின்மேல் புகார் கொடுத்தாள். வேறொருவர் போட்டார், அதன்மேலும் கொடுத்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கணவர், "நீ யார் பக்கம்னே எனக்குப் புரியலைம்மா," என்றார்.

"கதவுல சாயம் ஊத்தறவன் யார் பக்கம்னு பாத்தா ஊத்தறான்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கைபேசியை எடுத்தார். "எந்தப் பட்டனை அமுக்கணும், சொல்லு."

ஸ்டூடியோவின் முதலாளிகள் விசாரணைக்கு ஒரு வழக்கறிஞரை அமர்த்தினார்கள். டீச்சர் விடுப்பில் அனுப்பப்பட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பூச்சியின் முறை வந்த காலையில், வேலையை விட்டுப் போன கை நடுக்கக்காரர் அவளைப் போனில் கூப்பிட்டார்.

"டீச்சர் அடிச்சாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நீயும் சொல்லிடு."

"அடிக்கலையேண்ணா."

"எனக்குத் தெரியாதா? ஆனா திட்டுனாங்கன்னு மட்டும் சொன்னா, இவ்வளவுதானான்னு ஊத்தி மூடிடுவாங்க. அவங்க மறுபடி வந்து உக்காருவாங்க. நான் போயாச்சு, எனக்கு ஒண்ணும் இல்லை. நாளைக்கு அவங்க முன்னாடி உக்காரப்போறது நீ. யோசிச்சுக்க."

அவர் சொன்ன பயத்தில் பொய் எதுவும் இல்லை. அதுதான் பூச்சியைக் கலக்கியது. விசாரணை அறை வாசலில் காத்திருந்தபோது, அடுத்த முறைக்காகத் தாடிக்காரர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர், "உள்ள போய் நானும் சொல்லப்போறேன்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. அவள் நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் தலையசைத்தாள்.

உள்ளே வழக்கறிஞர் ஒரு மடிக்கணினியோடு தனியாக இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அரங்கேற்றத்தைப் பற்றிக் கேட்டார், சொன்னாள். காதருகே சொன்னதைக் கேட்டார், சொன்னாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "அவங்க யாரையாவது கை நீட்டி அடிச்சாங்களா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் டீச்சர் திரும்பி வரமாட்டார். கறுப்பான திரையில் அந்த முகம் இனித் தெரியாது. இல்லை என்றால், எல்லாம் பழையபடி ஆகி, நாளைக்கே அந்தச் செருப்புச் சத்தம் தன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கலாம்.

"இல்லை சார்," என்றாள். "அடிக்கலை."

"வெளிய அப்படித்தான் பேசிக்கறாங்க."

"வெளிய இருக்கறவங்க பாக்கலை. ஒருநாள் ஹெட்ஃபோனைக் கழட்டி எறிஞ்சாங்க. சுவத்துல பட்டுச்சு."

"ஆள்மேல?"

"யார்மேலயும் படலை."

வழக்கறிஞரின் விரல்கள் வேகமாக ஓடின. "ஒருமுறை பொருளை எறிந்தார். யார்மேலும் படவில்லை," என்று படித்துக் காட்டிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். பூச்சி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க முடியலை சார். இன்னொரு வரி இருக்கு."

"சொல்லுங்க."

"நான் குனிஞ்சதாலதான் படலை. அதையும் எழுதுங்க."